நிருபமா வைத்தியநாதன்: ஒரு வெற்றியும் அதன் விலையும்

1998ஆம் ஆண்டு சனவரித் திங்களில், ஆஸ்திரேலிய நாட்டின் மெல்போர்ன் நகரில், உலகின் நான்கு பெரும் டென்னிஸ் போட்டிகளுள் ஒன்று நடைபெற்றது. மகளிர் ஒற்றையர் பிரிவின் முதற்சுற்றில் இத்தாலிய நாட்டு வீராங்கனை குளோரியா பிட்ஸிகீனியை எதிர்த்து ஆடியவர், கோயம்புத்தூரில் பிறந்த 21 வயது நங்கையாகிய நிருபமா வைத்தியநாதன். ஆட்டம் முடிந்தபொழுது வெற்றி நிருபமாவின் பக்கம் இருந்தது. டென்னிஸ் உலகில் 'திறந்த காலம்' என வழங்கும் புதுக்காலம் 1968ஆம் ஆண்டில் பிறந்தது. அன்று தொட்டு நான்கு பெரும் போட்டிகளின் முதன்மைச் சுற்றில் ஓர் ஒற்றையர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே.

அடுத்த சுற்றைத் தாண்டி அவர் செல்லவில்லை. பெரும் போட்டி எதிலும் கோப்பையை ஏந்தவுமில்லை. உலகத் தரவரிசையில் அவர் எட்டிய உச்சம் 134ஆம் இடம். வெற்றிப் பட்டியலை மட்டும் புரட்டிப் பார்ப்போர், 'இவ்வளவுதானா?' என்று கேட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவர். வரலாற்றை நோக்குவோர் அவ்வாறு போய்விடுதல் தகாது. ஒருவர் எந்த இடத்தை அடைந்தார் என்பதோடு, எங்கிருந்து புறப்பட்டார், வழியில் என்ன இருந்தது, என்ன இல்லாதிருந்தது என்பவற்றையும் சேர்த்து எண்ணினாலன்றி அவருடைய வாழ்க்கையின் அளவு விளங்காது. அவ்வகையில் நிருபமாவின் விளையாட்டு வாழ்வை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

டென்னிஸ் நம் மண்ணில் பிறந்த ஆட்டம் அன்று. 1874ஆம் ஆண்டில் வால்ட்டர் விங்ஃபீல்டு என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் இதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். 1877ஆம் ஆண்டில் விம்பிள்டனில் ஆடவர் போட்டி தொடங்கிற்று. 1884ஆம் ஆண்டில் மகளிர்க்கும் அங்கு இடம் கிடைத்தது. ஆங்கிலேயர் சென்ற இடமெல்லாம் அவர்தம் மட்டையும் வலையும் உடன் சென்றன. மூணாறு, தேவிகுளம், சின்னக்கானல் என்று தேயிலை பரந்து கிடக்கும் நம் மலைநாட்டிலும் தோட்டத் துரைமார் தமக்கெனக் கிளப்புகள் அமைத்துக்கொண்டனர். மலைச்சரிவில் ஒரு முழம் சமநிலம் கிடைப்பதே அரிது. அங்கும் மண்ணை வெட்டிச் சமன் செய்து, உருளையிட்டு இறுக்கி, வெண்கோடு கிழித்து ஆடுகளம் உண்டாக்கினர். வெட்டிய கைகளும் உருளை இழுத்த தோள்களும், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து மலையேறி வந்த தமிழ்த் தொழிலாளருடையவை. அவர்தம் மக்கள் வேலிக்கு வெளியே நின்றனர். உள்ளே சென்றாலும் சிதறிய பந்தைப் பொறுக்கிக் கொடுக்கவே சென்றனர். டென்னிஸ் நெடுங்காலம் வேலிக்கு உட்பட்ட ஆட்டமாக இருந்தது என்பதை இம்மலைகளில் வாழும் நேயர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அவ்வேலிக்குள் நுழைந்த இந்தியப் பெண்மணிகள் முற்காலத்தில் பெரும்பாலும் செல்வமும் கல்வியும் வாய்ந்த குடும்பங்களைச் சார்ந்தவர்கள். அவர்களுள் முதலில் நினைவுகூரத் தக்கவர் லீலா ராவ். வடமொழியில் பல நூல்கள் இயற்றிய பண்டிதை க்ஷமா ராவின் புதல்வி இவர். 1934ஆம் ஆண்டில் விம்பிள்டனில் ஓர் ஆட்டத்தை வென்று, அப்பெருமையைப் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி ஆனார். 1952ஆம் ஆண்டில் ரீட்டா தாவர் விம்பிள்டன் சிறுமியர் போட்டியின் இறுதியாட்டம் வரை முன்னேறினார். 1971ஆம் ஆண்டில் நிருபமா மன்காட் என்னும் மற்றொரு நிருபமா, ஆனந்த் அமிர்தராஜோடு இணைந்து விம்பிள்டன் கலப்பு இரட்டையர் போட்டியில் ஆடினார். இந்தியக் காவல் பணியின் (ஐ.பி.எஸ்.) முதல் பெண் அதிகாரியெனப் புகழ்பெற்ற கிரண் பேடியும் 1972ஆம் ஆண்டில் ஆசிய மகளிர் டென்னிஸ் பட்டம் பெற்றவரே என்பது பலர் அறியாத செய்தி.

இவர்கள் அனைவரும் திறமையிற் சிறந்தவர்கள்; ஆயினும் டென்னிஸைத் தம் தொழிலாகக் கொள்ளாதவர்கள். லீலா ராவ் நாட்டியத்தில் ஆழ்ந்து நூல்கள் எழுதினார். கிரண் பேடி காவல்துறைக்குச் சென்றார். ஆட்டம் அவர்கள் வாழ்வின் ஒரு பகுதி. வாழ்வை அது தாங்கவும் இல்லை, தாங்க வேண்டியும் இல்லை.

இவ்விடத்தில் இரு சொற்களைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்த்தல் நலம். பிறமொழிச் சொல்லுக்குத் தமிழ் தேடுவோரை 'அமெச்சூர்' என்னும் சொல் எப்பொழுதும் தயங்கச் செய்யும். பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்த இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'அன்பு செலுத்துபவர்' என்பது அதன் பொருள். பொருள் ஊதியம் கருதாது, ஆட்டத்தின் மீதுள்ள அன்பினால் ஆடுபவரையே அது குறித்தது. கேட்பதற்கு இனிய கொள்கை! ஆனால் அன்பினால் மட்டும் ஆடுவதற்கு உணவும் உடையும் வேறு எங்கிருந்தேனும் வர வேண்டும் அல்லவா? செல்வர்க்கு அது எளிது. ஏனையோர்க்கு அக்கொள்கையே ஒரு வேலி. 'தொழில்முறை' என்று நாம் வழங்கும் மற்றச் சொல்லைப் பழைய சங்கங்கள் இழிவாக நோக்கின. ஆயினும் உழைப்புக்கு ஊதியம் பெறலாம் என்னும் நெறி வந்த பின்னரே, பரம்பரைச் செல்வம் இல்லாதோர்க்கும் அவ்வாட்டம் ஒரு வாழ்க்கையாகக் கூடும் என்ற நிலை பிறந்தது.

அந்நிலையும் மகளிர்க்கு எளிதில் வாய்க்கவில்லை. 1968ஆம் ஆண்டில் பெரும் போட்டிகள் தொழில்முறை ஆட்டக்காரர்க்குக் கதவு திறந்தன. அவ்வாண்டு விம்பிள்டனில் ஆடவர் பட்டம் வென்ற ராடு லேவருக்கு 2000 பவுன் பரிசு. மகளிர் பட்டம் வென்ற பில்லி ஜீன் கிங்குக்கு 750 பவுன். 1970ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டி ஒன்றில் ஆடவர்க்கு 12,500 டாலரும் மகளிர்க்கு 1500 டாலரும் என அறிவிக்கப்பட்டபொழுது பொறுமை எல்லை கடந்தது. கிளாடிஸ் ஹெல்ட்மன் என்னும் பத்திரிகை ஆசிரியை முன்வர, ஒன்பது வீராங்கனையர் ஆளுக்கு ஒரு டாலர் பெற்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனியே போட்டி நடத்தினர். அந்த ஒரு டாலரில் தொடங்கிய முயற்சியே 1973ஆம் ஆண்டில் மகளிர் டென்னிஸ் சங்கமாக உருப்பெற்றது. அவ்வாண்டே அமெரிக்கப் பெரும் போட்டி இருபாலார்க்கும் ஒத்த பரிசு வழங்கிற்று. விம்பிள்டன் அதனைப் பின்பற்ற 2007ஆம் ஆண்டு வரை காலம் பிடித்தது.

இப்புதிய உலகில் இந்தியப் பெண் ஒருத்தி புகுதல் யாங்ஙனம்? இதற்கு விடை காணச் சின்னக்கானல் மலையிலிருந்து மூணாறு, மறையூர், உடுமலைப்பேட்டை வழியாகச் சமவெளிக்கு இறங்கிக் கோயம்புத்தூரை அடைவோம். பஞ்சாலைகளாலும் பொறித் தொழிலாலும் பெயர் பெற்ற அந்நகரில் 1976ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் நிருபமா பிறந்தார். தந்தையார் கே. எஸ். வைத்தியநாதன், ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் தமிழ்நாட்டின் சார்பில் கிரிக்கெட் ஆடியவர். விளையாட்டை வீண் பொழுதுபோக்கு என்று கருதாத வீடு அது. தமையனாரும் டென்னிஸ் பயின்றவர். ஐந்து வயதிலேயே சிறுமியின் கையில் மட்டை ஏறிற்று. பதின்பருவத்திலேயே தேசிய மகளிர் பட்டம் பெற்று, 1990களில் நாட்டின் முதன்மை வீராங்கனையாக அவர் உயர்ந்தார். கூட்டிணைப்புக் கோப்பை என்னும் நாடுகளுக்கிடையிலான மகளிர் போட்டியிலும் இந்தியாவின் சார்பில் ஆடினார்.

உள்நாட்டில் முதன்மை பெறுதல் ஒரு படி. அதற்கும் உலக அரங்கிற்கும் இடையே கிடந்த தொலைவு மிகப் பெரிது. அத்தொலைவை உணர்வதற்குத் தொழில்முறை டென்னிஸின் நடைமுறையைச் சிறிது விளக்குதல் வேண்டும்.

1975ஆம் ஆண்டு முதல் மகளிர் தரவரிசை கணிப்பொறியால் வகுக்கப்படுகிறது. ஒவ்வொரு போட்டியிலும் வெல்லும் சுற்றுக்கேற்ப மதிப்புப் புள்ளிகள் கிடைக்கும். அப்புள்ளிகளுக்கு ஆயுள் 52 வாரமே. சென்ற ஆண்டு இதே வாரத்தில் ஈட்டிய புள்ளி இந்த ஆண்டு இதே வாரத்தில் கழிந்துவிடும். அதற்கு ஈடாகப் புதியதை ஈட்டாவிடில் தரவரிசை சரியும். நோயுற்றுப் படுத்தாலும், கையில் பணமின்றி வீட்டில் இருந்தாலும் கணக்கு நிற்பதில்லை. ஆற்றின் எதிர்நீச்சலில் கையை நிறுத்தியவன் நின்ற இடத்தில் நிற்பதில்லை அல்லவா? அது போன்றதே இது.

புள்ளிகள் பெறுவதற்கோ சிறு போட்டிகளிலிருந்து தொடங்க வேண்டும். 1990களில் அவற்றின் அடிப்படி, பத்தாயிரம் டாலர் போட்டி. பத்தாயிரம் என்றவுடன் பெருந்தொகை என்று மயங்கலாகாது. அது பட்டம் வெல்பவர் ஒருவருக்குரிய பரிசன்று. ஒற்றையர், இரட்டையர் அனைவருக்கும் பகிர்ந்தளிக்கும் மொத்தத் தொகை. முதற்சுற்றில் தோற்பவர்க்குக் கிடைப்பது, அவர் தங்கிய விடுதிக்கும் போதாது. அத்தகைய போட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்கச் சிற்றூர்களில் நடந்தன. ஐரோப்பியப் பெண்ணொருத்தி தன் ஊரிலிருந்து புகைவண்டியில் சென்று ஆடித் திரும்பலாம். கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கோ கடல் கடந்த விமானச் சீட்டு, அயல்நாட்டு அனுமதி, அந்நிய நாணயம், பயிற்சியாளர் செலவு என ஒவ்வொன்றும் மலையாக எதிர்நின்றன. ஒரு வாரம் தோற்றால் அடுத்த வாரத்துச் செலவு எங்கிருந்து வரும் என்ற கவலையோடுதான் களத்தில் இறங்க வேண்டும்.

ஆடவர் நிலை இதனினும் சற்று மேலாக இருந்தது. தென்காசியிலிருந்து எழுந்த இராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961ஆம் ஆண்டுகளில் விம்பிள்டன் அரையிறுதி கண்டவர். அவர்க்குப் பின் விஜய் அமிர்தராஜ், இரமேஷ் கிருஷ்ணன், லியாண்டர் பயஸ் என ஒரு வழிமரபே அமைந்தது. ஒருவர் நடந்த தடம் மற்றவர்க்கு வழியாயிற்று. 1997ஆம் ஆண்டு தொடங்கி 2017 வரை சென்னையிலேயே ஆண்டுதோறும் ஆடவர்க்கான உலகச் சுற்றுப் போட்டி நடைபெற்றது. நம் இளைஞர் சிலர்க்கு நேரழைப்பின் பேரில் அதில் இடமும் கிட்டிற்று. மகளிர்க்கு அத்தகைய போட்டி சென்னையில் முதன்முதலாக நடந்தது 2022ஆம் ஆண்டில்தான். நிருபமா தம் முழு வலிமையோடு ஆடிய 1990களில், தாய்மண்ணில் நின்று பெரும் புள்ளிகள் ஈட்டும் வாய்ப்பு அவர்க்கு இருந்ததில்லை. அவர்க்கு முன்னே தடம் பதித்த பெண்ணும் இல்லை. உடன் நடந்து உலகச் சுற்றில் தோள் கொடுத்த கூட்டமும் இல்லை.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு 134 என்ற எண்ணை மீண்டும் நோக்குவோம். பெரும் போட்டியின் மகளிர் பிரிவில் 128 பேர் ஆடுகின்றனர். ஆயினும் 128ஆம் தரம் வரை உள்ளோர் அனைவரும் நேரே நுழைந்துவிடுவதில்லை. ஏறத்தாழ முதல் நூற்றுவர்க்கே நேர்வழி. எஞ்சிய இடங்களுட் சில, போட்டி நடத்துவோர் தாமே அழைப்போர்க்கு உரியவை. மற்றவை தகுதிச் சுற்றில் அடுத்தடுத்து வென்று வருவோர்க்கு உரியவை. ஆகவே நூற்றுக்கும் இருநூற்றுக்கும் இடைப்பட்ட தரமே டென்னிஸ் வாழ்வில் மிகக் கடினமான நிலம். அங்கு நிற்பவர் உலகின் எந்த நாட்டிலும் சிறந்த ஆட்டக்காரரென மதிக்கப்படுவார். ஆனால் அவர் ஈட்டுவது பெரும்பாலும் செலவுக்கே சரியாகும். வாயிற்படியில் நிற்பவரை வீட்டார் என்றும் சொல்ல இயலாது, வெளியார் என்றும் சொல்ல இயலாது. நிருபமா அவ்வாயிற்படி வரை தம் காலால் நடந்து சென்றார் என்பதே அந்த எண்ணின் பொருள். வேறெந்த இந்தியப் பெண்ணும் அன்று வரை அவ்வளவு தொலைவு சென்றதில்லை.

மெல்போர்ன் களம் அன்று 'ரீபவுண்டு ஏஸ்' எனப்படும் இரப்பர் கலந்த கடினத் தளம். கோடை வெயிலில் அது சூடேறிப் பிசுபிசுக்கும். பந்து உயர எழும். கால் சறுக்காமல் பற்றிக்கொள்ளும். நம் நாட்டுச் சங்கங்களில் மிகுதியாயிருந்த மண் களங்களில் பழகியவர்க்கு அத்தளம் புதியது. களத்துக்கேற்ப அடியை மாற்றுவதும், மூச்சை அடக்குவதும், தோல்விப் பயத்தை ஒதுக்குவதும் ஒரு நாளில் வருவன அல்ல. அன்று பிட்ஸிகீனியை வென்ற கைக்குப் பின்னே, பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்ட காலை வேளைகள் நின்றன. அவ்வாட்டத்தால் 128 பேரில் எஞ்சிய 64 பேருள் ஒருவராக இந்தியப் பெண் ஒருவரின் பெயர் எழுதப்பட்டது. ஒற்றையர் பிரிவில் லீலா ராவின் விம்பிள்டன் வெற்றிக்குப் பின் 64 ஆண்டுகள் கழிந்திருந்தன!

அதே 1998ஆம் ஆண்டின் இறுதியில் பாங்காக்கில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், மகேஷ் பூபதியோடு இணைந்து கலப்பு இரட்டையரில் வெண்கலப் பதக்கம் பெற்றார். 2000ஆம் ஆண்டில் சிட்னி ஒலிம்பிக் போட்டியில் மனிஷா மல்கோத்ராவோடு மகளிர் இரட்டையரில் இந்தியாவின் சார்பில் ஆடினார். அதன்பின் சில காலத்தில் தொழில்முறை ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். திருமணத்திற்குப் பின் நிருபமா சஞ்சீவ் என்னும் பெயரோடு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் குடியேறி, அங்குச் சிறுவர் சிறுமியர்க்கு டென்னிஸ் கற்பிக்கும் பள்ளி நிறுவினார். தாயான பிறகு, 33 வயதில், மீண்டும் மட்டையை எடுத்து, 2010ஆம் ஆண்டில் தில்லியில் நடைபெற்ற காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் இந்திய அணியில் இடம்பெற்றார். பெண் ஒருத்தியின் விளையாட்டு வாழ்வு திருமணத்தோடு முடிந்துவிடும் என்ற எண்ணம் வேரூன்றியிருந்த சமூகத்தில், அம்மறுவரவும் ஒரு செய்தியே. தம் வாழ்க்கையை 'தி மூன்பாலர்' என்னும் நூலாகவும் 2013ஆம் ஆண்டில் வெளியிட்டார். பந்தை வானளாவ உயர்த்தி அடிக்கும் அடிக்கு 'மூன்பால்' என்று பெயர். எதிரியின் வேகத்தை அடக்கிக் காலத்தைத் தமதாக்கிக்கொள்ளும் பொறுமையின் அடி அது.

நிருபமாவின் வெற்றிக்குப் பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. 2003ஆம் ஆண்டில் ஹைதராபாதில் மகளிர் உலகச் சுற்றுப் போட்டி தொடங்கிற்று. 1998ஆம் ஆண்டு சனவரியில் பதினோரு வயதுச் சிறுமியாயிருந்த அந்நகரத்துச் சானியா மிர்சா, 2005ஆம் ஆண்டில் மெல்போர்னில் மூன்றாம் சுற்று வரை சென்றார். அடுத்த திங்களிலேயே தம் ஊர்ப் போட்டியின் பட்டத்தையும் வென்றார். 2007ஆம் ஆண்டில் தரவரிசையில் 27ஆம் இடத்தை எட்டினார். பின்னர் இரட்டையர் ஆட்டத்தில் உலகின் முதலிடம் பெற்று, ஆறு பெரும் பட்டங்களை வென்று, 2023ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். ஒருவர் வெற்றிக்கு மற்றொருவரே காரணம் என்று கூறுதல் மிகையாகும். சானியாவின் திறம் சானியாவுடையது. எனினும் தம் ஊரிலேயே ஒரு போட்டி இருந்தமை அவர்க்கு எத்துணை உதவிற்று என்பதையும், நிருபமாவுக்கு அத்தகையதொன்று இல்லாதிருந்தமையையும் ஒருசேர வைத்துப் பார்த்தல் வேண்டும். திறமை விதை என்றால் களமும் போட்டியும் மண்ணும் நீருமாம். விதையை மட்டும் பாராட்டிவிட்டு நிலத்தை மறத்தல் அறிவுடைமை ஆகாது.

ஒரு வீராங்கனையைப் பற்றிப் பேசும்பொழுது, 'எத்தனை கோப்பை?' என்று கேட்பது நம் வழக்கம். அக்கேள்வி தவறன்று, ஆனால் அது போதாது. வழியில்லாத காட்டில் முதலில் நடப்பவர் தொலைதூரம் செல்வதில்லை. முள்ளை விலக்குவதிலும் திசையைத் தேடுவதிலும் அவருடைய பகல் பெரும்பாலும் கழிந்துவிடுகிறது. பின்வருபவர் அத்தடத்தில் விரைந்து நடக்கிறார். இருவர்க்கும் ஒரே அளவுகோலைப் பிடித்தல் நீதியாகுமா? 134ஆம் இடமும் ஒரு முதற்சுற்று வெற்றியும் சிறியனவாகத் தோன்றுவது, அவற்றின் விலையை நாம் எண்ணாதபொழுது மட்டுமே.

மலைநாட்டுக் கிளப்புகளின் வேலிக்கு வெளியே நின்று பந்து பொறுக்கியோரின் பேரப்பிள்ளைகள் இன்று பள்ளிகளில் பயில்கின்றனர். அவர்களுள் ஒரு சிறுமி, 'நான் ஆடப் போகிறேன்' என்று சொல்லக்கூடும். அப்பொழுது அவளிடம், 'நீ உலகை வெல்வாயா?' என்று கேட்பதற்கு முன், 'இவள் ஆடுவதற்கு நம் ஊரில் களம் இருக்கிறதா? போட்டி இருக்கிறதா? தோற்ற வாரத்திலும் இவளைத் தாங்கும் கை இருக்கிறதா?' என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளுதல் கடமையாகும். நிருபமா வைத்தியநாதனின் விளையாட்டு வாழ்வு நம்முன் வைக்கும் வினா அதுவே.